பச்சமுத்து எண்ணிய ஏழாவது வரிசை

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் ஏறி, "பச்சமுத்து கழனிகிட்ட எறக்கி வுடு" என்று சொன்னால் கண்டக்டர் முதலில் சிரிப்பார், அப்புறம்தான் டிக்கெட் கிழிப்பார். காரணம் இருக்கிறது. அந்த வழியில் போகிற ஆயிரம் பேரில் டிக்கெட்டை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, இது உண்மையான டிக்கெட்தானா என்று பார்க்கிற ஒரே ஆள் பச்சமுத்துதான்.

ஐம்பத்தெட்டு வயது. மூன்று ஏக்கர் கழனி. சந்தேகத்தை அளந்தால் முப்பது ஏக்கர் தேறும். டீக்கடையில் டீ வைத்தால் உடனே குடிக்க மாட்டார். ஒரு ஈ அதன் விளிம்பில் உட்கார்ந்து உயிரோடு பறந்து போகட்டும் என்று காத்திருப்பார். உரக்கடைத் தராசை நம்பமாட்டார். மூட்டையைத் தோளில் ஏற்றி இரண்டு நடை நடந்துவிட்டு, "முந்நூறு கிராம் கம்மியா கீது" என்பார். எடை போட்டுப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து கிராம் குறைந்திருக்கும். அந்தப் பத்து கிராமுக்காக அன்று முழுக்கத் தன் தோளின்மேல் சந்தேகப்படுவார்.

அவர் மனைவி சொக்கம்மாள் சொல்வது இன்னும் மோசம். "தாலி கட்ட சொல்ல குனிஞ்சி என் மூஞ்சப் பார்த்தாரு. வெக்கத்துல பாக்கறாருன்னு நென்ச்சேன். பொண்ண மாத்திட்டாங்களான்னு பார்த்துக்கினு இருந்தாரு. முப்பத்தி நாலு வருசமாச்சி, இன்னும் பாத்துக்கினுதான் கீறாரு."

இப்படிப்பட்டவரை ஏமாற்ற மனிதனால் ஆகாது. ஏமாற்றியது ஒரு பூஞ்சாணம். கண்ணுக்கே தெரியாத பூஞ்சாணம்.

போன வருஷம் சம்பாவில் மூன்று ஏக்கரும் பொன்னி. கார்த்திகை வரை பயிர் கோயில் யானை மாதிரி நின்றது. மார்கழிப் பனி இறங்கியதும் இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழுந்தது. நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அப்புறம் கதிரின் கழுத்து கறுத்தது, முறிந்தது. குலை நோய். அறுத்து அடித்துத் தூற்றினால் அத்தனையும் கருக்காய், உள்ளே அரிசியே இல்லாத வெறும் உமி. மூன்று ஏக்கர் மகசூலை மூன்று கோழிகளுக்குப் போட்டார் சொக்கம்மாள். ஆளுக்கு ஒரு வாய் கொத்திவிட்டு அவை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் சுகுமார் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். "நைனா, வர்ற சம்பாவும் இப்டி கருக்காயா பூட்ச்சின்னா நெல்லு வுட்டுடு. கயினிய பிளாட்டுக்காரன் கேட்டுக்கினே கீறான். குட்த்துட்டு இங்க வந்து எங்களோட இரு."

"பிளாட்டுக்காரன்தான் நோவு வுட்டானோ இன்னாவோ" என்றார் பச்சமுத்து. சுகுமார் போனை வைத்துவிட்டான். ஆனால் பச்சமுத்துவுக்கு அன்றிலிருந்து சரியாகச் சோறு இறங்கவில்லை. பொன்னியை மறுபடி நட்டால் மறுபடி விழும். வேறு எதை நடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரையாவது அவர் நம்பியிருக்க வேண்டுமே.

ஆவணியில் நெல் ஆராய்ச்சி நிலையத்து ஜீப் வந்தது. வளர்மதி என்று ஒரு விஞ்ஞானி மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும், செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். கூடவே களப்பணியாளர் பெஞ்சமின். ஓரிக்கை ஊர்க்காரர், வாய் சும்மா இருக்காது.

"ஐயா, போன வருஷம் இந்தப் பக்கத்துல உங்க கழனியிலதான் குலை நோய் ரொம்ப அதிகம்னு சொன்னாங்க" என்றார் வளர்மதி. "அதனாலதான் வந்தோம். அஞ்சு சென்ட் இடம் குடுங்க. நோயைத் தாங்குற நெல் எட்டு வகை வச்சிருக்கோம். எது நல்லாத் தாங்குதுன்னு பார்க்கணும்."

"தாங்கற நெல்லா? மருந்து அடிச்சித் தாங்குமா, தானாத் தாங்குமா?"

"தானா. ஊரே ஜுரத்துல படுத்தாலும் சில பேருக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது இல்லையா? அது மாதிரி. அந்தக் குணம் விதையிலேயே இருக்கு. ஒரு காட்டு நெல்லுல இருந்த குணத்தை, பூவோட பூ சேர்த்து, நாம சாப்பிடுற நெல்லுக்குக் கொண்டு வந்திருக்கோம். பத்து வருஷ வேலை."

"பூவோட பூ சேத்தத யாரு பார்த்தா?"

"நான்தான் சேர்த்தேன்."

பச்சமுத்து அந்த அம்மாளின் விரல்களை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு இடத்தைக் கொடுத்தார். நம்பிக்கையால் இல்லை. இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமே என்பதற்காக.

புரட்டாசியில் நட்டார்கள். எட்டு வகைக்கு எட்டு வரிசை. சுற்றிலும் வேலி மாதிரி, நோய் வந்தால் முதல் ஆளாக விழுகிற ஒரு நெல். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் எண் எழுதிய முளைக்குச்சி. நட்டு முடித்துப் பெஞ்சமின் வரப்பில் உட்கார்ந்து போனில் யாரிடமோ சொன்னது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்ற பச்சமுத்துவின் காதில் விழுந்தது. "மேடத்துக்கு ஏயாவது வரிசை மேலதான் உசுரு. மீதி ஏயும் சும்மா தொணைக்கி."

பச்சமுத்துவுக்குப் பொறி தட்டியது. ஏழுதான் விஷயமுள்ள நெல். அதை இவர்கள் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் வேறு எதையாவது கொடுத்து ஏழு என்பார்கள். ஆகவே இப்போதே நாமே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் இறங்கினார். முளைக்குச்சியில் ஏழு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. குச்சியை எவன் வேண்டுமானாலும் பிடுங்கி மாற்றி நடலாம், நட்ட வரிசையை மாற்ற முடியுமா? அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊரில் நடவு என்றால் ஈசான மூலையில்தான் முதல் நாற்று. எண்ணுவதும் அங்கிருந்துதான். வடகிழக்கு மூலையில் நின்று விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது வரிசைக்கு வந்தார். குத்துக்கு மூன்று நாற்று வைத்திருந்தார்கள். குத்துக்கு ஒன்றாகப் பதினைந்து நாற்றை உருவினார். ஒரு கொக்குகூடக் கவனிக்கவில்லை. கவனித்த ஒரு கொக்கையும் முறைத்துத் துரத்தினார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புங்கமரத்து நிழலில் ஒரு துண்டு நிலம். வெயில் எட்டாது, பனி பத்து மணி வரை காயாது. போன வருஷம் நோய் கண் திறந்ததே அங்கேதான். பதினைந்தையும் அங்கே நட்டார். பக்கத்திலேயே பத்துக் குத்து தன் பொன்னியையும் நட்டார். மூன்று ஏக்கரிலும் வேறு வழி தெரியாமல் பொன்னியேதான் நட்டிருந்தார்.

"இன்னாத்துக்கு இங்க நடற?" என்று கேட்டார் கூழ் கொண்டுவந்த சொக்கம்மாள்.

"வீரன்னு சொல்றாங்க. சண்டைல வுட்டுப் பாக்கலாம்."

"யார்னா பாத்தா திருட்டுன்னு சொல்வாங்க."

"எங்கயினில கீறத நான் எட்த்தா திருட்டா?" என்றார். ஆனாலும் சுற்றிலும் புங்கந்தழையை வெட்டிச் செருகி மறைத்து வைத்தார்.

கார்த்திகையில் ஜீப் மறுபடி வந்தது. பெஞ்சமின் ஒரு கோணிப்பையை இறக்கிக் கவிழ்த்தார். உள்ளே அத்தனையும் காய்ந்த நெல் இலை. ஒவ்வொரு இலையிலும் கண் கண்ணாகப் புள்ளி. குலை நோய் இலை. அதைக் கத்தரித்து, கல்யாண வீட்டில் அட்சதை போடுகிற மாதிரி, அஞ்சு சென்ட்டின் மேல் தூவினார்.

பச்சமுத்துவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "இன்னா மேடம் இது? நோவ எட்த்தாந்து எங்கயினிலயே கொட்றீங்களே. பக்கத்துல மூணு ஏக்கரு கீது."

"நோய் வந்தாதானே ஐயா எது தாங்குதுன்னு தெரியும்? வெளிய இருக்கற நெல்லு முதல்ல விழும். அதுலேர்ந்து உள்ள பரவும். தாங்குறது நிக்கும், தாங்காதது படுக்கும். உங்க பயிருக்கு மருந்து நாங்களே தர்றோம், அடிச்சுக்கங்க. இந்த அஞ்சு சென்ட்டுல மட்டும் ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. பட்டா எல்லாம் வீணாயிடும்."

"சரி மேடம்" என்று தலையாட்டினார் பச்சமுத்து. அவர் அவ்வளவு பணிவாகத் தலையாட்டியதைச் சொக்கம்மாள் பார்த்திருந்தால் உடனே ஜீப்பை நிறுத்தியிருப்பார்.

நோயைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களே மருந்தும் தருகிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஜீப் வளைவு தாண்டியதும் அவர் மருந்து மிஷினை முதுகில் மாட்டினார். மேடம் தந்த மருந்து மேல் நம்பிக்கையில்லாமல் தான் உத்திரமேரூரில் வாங்கி வைத்திருந்ததைக் கலக்கி மூன்று ஏக்கருக்கும் அடித்தார். அஞ்சு சென்ட்டையும் விடவில்லை. அதற்கு மட்டும் இரண்டு தரம். பயிர் குளித்து, தலை துவட்டி, பவுடர் போட்ட மாதிரி ஆயிற்று. முன்னாடியே, மருந்து படுவதற்குள், கைக்குக் கிடைத்த நோய் இலைகளை ஒரு பக்கெட்டில் பொறுக்கி வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் வீரன்கள் மேலும் பொன்னி மேலும் கொட்டினார். போதாதென்று யூரியாவை இரண்டு பங்காக வீசினார். உரம் கூடினால் நோய்க்குக் கொண்டாட்டம் என்பது அவருக்குத் தெரியும். அங்கே மட்டும் மருந்து அடிக்கவில்லை.

அப்புறம் தினமும் காலையில் முதல் வேலை புங்கமரத்தடிதான். பத்தாம் நாள் பொன்னியில் கண் விழுந்தது. பதினைந்தாம் நாள் இலைகள் கருகின. வீரன்களின் இலையில் குண்டூசி முனை அளவு பழுப்புப் புள்ளி வந்தது, அதோடு நின்றுவிட்டது. பெரிசாகவில்லை. பச்சமுத்துவுக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"நீ எதுனா மருந்து கிருந்து அடிச்சியா?" என்று சொக்கம்மாளைக் கேட்டார்.

"ஆமா. ராத்திரியில எய்ந்து சுவரேறிக் குதிச்சிப் போய் அட்ச்சிட்டு வந்தேன். எனுக்கு வேற வேல இல்ல பாரு."

ஒரு வாரம் ஒளிந்து உட்கார்ந்து கண்காணித்தார். யாரும் வரவில்லை. மார்கழியில் பொன்னிக் கதிர்களின் கழுத்து ஒவ்வொன்றாக முறிந்து தொங்கியது. பதினைந்து வீரன்களும் லேட்டாகக் கதிர் விட்டார்கள், விட்ட கதிர் ஒன்றுகூடச் சாயவில்லை. அன்றைக்குத்தான் பச்சமுத்து இரண்டு வேளை சோறு முழுசாகச் சாப்பிட்டார். மூன்று ஏக்கர் பொன்னி மருந்தின் தயவில் தப்பி நின்றது, ஆனால் அந்த மருந்துச் செலவை வருஷா வருஷம் தாங்க முடியாது. அடுத்த சம்பாவுக்கு இதை விட்டால் வேறு நெல் இல்லை. பிளாட்டுக்காரன் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

அதே வாரம் மேடம் வந்தார். அஞ்சு சென்ட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார், மறுபடி நடந்தார். நோயில் முதல் ஆளாக விழ வேண்டிய வேலி நெல், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

"ஐயா, மருந்து அடிச்சீங்களா?"

"நானா? சீச்சி. பனி பத்தல மேடம்."

"பனியில இல்ல. பக்கத்து ஊர்ல எல்லாம் நோய் வந்திருக்கு." அவர் பச்சமுத்துவின் முகத்தைப் பார்த்தார். ஊரையே அப்படிப் பார்த்துப் பழகியவருக்கு, தன்னை ஒருத்தர் அப்படிப் பார்ப்பது புதுசாக இருந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேடம் பெஞ்சமின் பக்கம் திரும்பினார். "பெஞ்சமின், அந்த இலை எத்தனை நாள் பழசு? ஈரத்துல வச்சிட்டீங்களா?"

"மேடம், ரெண்டு நாள்தான். காயவச்சிதான் எட்த்தாந்தேன்."

"அப்புறம் எப்படி ஒரு புள்ளிகூட இல்ல? நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். உங்க பேர்லதான் வரும்." ஏடு ஒன்றை எடுத்து வரிசை வரிசையாகக் கோடு போட்டார். "இந்த இடம் ரத்து. எட்டுல எதையும் இந்த வருஷம் யாருக்கும் குடுக்க முடியாது. தாங்குச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்ல."

பெஞ்சமின் வாய் முதல் முறையாக மூடியிருந்தது. பச்சமுத்து வரப்பிலிருந்த ஒரு புல்லைப் பிடுங்கினார். இன்னொன்றைப் பிடுங்கினார். அரை ஏக்கர் வரப்பையே மொட்டையடித்த பிறகு சொன்னார்:

"தோ, மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? சும்மா. மரம் நல்லா கீது."

"மரமா?"

"மரத்துக்குக் கீய கொஞ்சம் நெல்லு கீது."

புங்கந்தழையை விலக்கினார். மேடம் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் பொன்னி முழுக்கக் கழுத்தொடிந்து சாம்பலாகத் தொங்குகிறது. ஒட்டினாற்போல் பதினைந்து குத்து நிமிர்ந்து நிற்கிறது. பையிலிருந்து லென்ஸை எடுத்து இலையிலிருந்த குண்டூசிப் புள்ளிகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"யார் இலை தூவினது?"

"நான்தான். அங்கேர்ந்து பொறுக்கிக்கினு வந்து."

"அங்க மருந்து அடிச்சது?"

பச்சமுத்து புங்கமரத்தைப் பார்த்தார். "அதுவும் நான்தான். ரெண்டு தபா. பெஞ்சமின் மேல ஒரு தப்பும் கெடியாது. எல இருந்த வீரியத்துக்கு எம்பொன்னியக் கேளு, சொல்லும்."

"பெரியவரே" என்றார் பெஞ்சமின், "ஒரு நிமிசத்துல எங்குடும்பத்தையே கவுத்துட்டிருப்பீங்க." ஆனால் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"இது எந்த வரிசை?" என்றார் மேடம்.

"ஏயாவது. உங்க உசுரு நெல்லு."

மேடம் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தார், கதிரைப் பார்த்தார். "இது ஏழு இல்ல ஐயா. ஏழு உயரமா வளரும், அடித்தூர்ல ஊதா இருக்கும். இது குட்டை. இது ரெண்டு."

"என்னை ஏமாத்தாதீங்க. நானே ஈசான மூலைலேர்ந்து விரல் வுட்டு எண்ணுனேன்."

"நாங்க ரோட்டுப் பக்கத்துலேர்ந்து எண்ணியிருக்கோம். குச்சியில எழுதியிருந்துச்சே."

பெஞ்சமின் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எட்டு வரிசைல அந்தாண்ட ஏயி, இந்தாண்ட ரெண்டு. குச்சியப் படிச்சிருந்தா மேடத்து நெல்லே கெடச்சிருக்கும் பெரியவரே."

"குச்சிய எப்டிப்பா நம்பறது?"

மேடம் சிரிக்கவில்லை. "ரெண்டை இந்த வருஷத்தோட கழிச்சிடலாம்னு இருந்தோம். பத்து நாள் லேட்டு, அரிசியும் கொஞ்சம் தடிப்பு. அது இந்த எடத்துல, இவ்வளவு யூரியாவுல இப்படி நிக்கும்னு நான் நினைக்கல." லென்ஸை மூடினார். "நிஜமா இங்க மருந்து அடிக்கலையா?"

"அடிக்கல."

"அங்கயும் அடிக்கலன்னுதான் சொன்னீங்க."

பச்சமுத்துவுக்குச் சுருக்கென்றது. வாழ்நாளில் அவர் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்த வேலையை அவரே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். "இலைய எட்த்துப் போயி பரிச்சை பண்ணிக்க மேடம். மருந்து வாட வந்தா எம்பேர மாத்திக்கறேன்." அவரே நாலு இலையைக் கிள்ளிக் கொடுத்தார். "எனுக்கு இந்த நெல்லு வோணும். வர்ற சம்பாவுக்கு. எம்பையன் கயினிய குட்த்துடு, குட்த்துடுன்றான். தடிப்பு அரிசின்னா இன்னா, துன்றது நாந்தானே."

மேடம் அந்த நாலு இலையையும் ஏட்டின் நடுவில் வைத்து மூடினார். பிறகு சொன்னார், "இலை சுத்தமா இருந்துச்சுன்னா மூணு கிலோ விதை தர்றேன். ஒத்தை நாத்தா நட்டா ஒரு ஏக்கர் வரும். ஆனா ஒண்ணு சொல்லணும். இது என்னைக்கும் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு இருக்கற பூஞ்சாணத்தைத் தாங்குது. அதுவும் சும்மா இருக்காது. நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ, வேற வேஷம் போட்டுக்கிட்டு வரும். அப்போ இதுவும் விழலாம். அதனால தினமும் பார்க்கணும், யார் சொன்னாலும் நம்பக்கூடாது, நான் சொன்னாலும்."

பச்சமுத்து அந்த அம்மாளை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் விதை விற்றவன், உரம் விற்றவன், மருந்து விற்றவன், எல்லோரும் நம்பு நம்பு என்றார்கள். நம்பாதே என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

தை பிறந்து பத்து நாளில் ஜீப் வந்தது. இலையில் மருந்து இல்லை. மூன்று கிலோ விதைநெல் துணிப்பையில் இருந்தது, கூடவே ஒரு தாளும் இருந்தது. இந்த விதையை நடும் ஒரு ஏக்கரில் நிலையத்து அனுமதி இல்லாமல் எந்த மருந்தும் அடிக்க மாட்டேன் என்று பச்சமுத்து கையெழுத்துப் போட வேண்டும். போன வருஷத்து நோயிடம் ஒரு ஏக்கரை வெறுங்கையோடு விடுவது என்றால் சும்மாவா. சொக்கம்மாள் வாசலில் நின்று பார்த்தார். பச்சமுத்து எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நட்டு முடித்தார்.

"அப்பாடா, முடிஞ்சது" என்றார் பெஞ்சமின்.

"எங்க முடிஞ்சது? இதே மாதிரி இன்னொரு தாளு எய்து." பச்சமுத்து பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "நீங்களும் எனுக்குத் தெரியாம வந்து மருந்து அடிக்க மாட்டீங்கன்னு. அதுல மேடம் கையெய்த்து போடணும்."

வளர்மதி ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். பச்சமுத்து தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.